மிஸ்டர் குவெக்கைக் கவனிச்சுக்கிறது நான்தான்

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பை கேட்டுக்கு வெளியிலயே விடுங்க, எவனும் எடுக்கமாட்டான். உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம். அது மிஸ்டர் குவெக் உக்கார்ற நாற்காலி. இப்படி இதுல உக்காருங்க.

கழுத்துல தொங்குற அட்டையைப் பார்த்ததுமே தெரிஞ்சுது, கீழே முதியோர் செண்டர்லேருந்துதான் வந்திருக்கீங்கன்னு. பேரு என்ன, சுபாஷினியா? நல்லாருக்கு. தமிழ்ப் பொண்ணா அனுப்பியிருக்காங்களே, மேடம் சியூவுக்கு இப்பவாவது தோணுச்சே. அந்த அம்மாவைத் தெரியும்தானே உங்களுக்கு? உங்க செண்டர்ல இருக்கிற சீனத் தொண்டூழியர் அத்தனை பேருக்கும் தலைவி. எழுபத்தஞ்சு வயசு ஆகுது, முன்னே சீனப் பள்ளிக்கூடத்துல டீச்சர். மாசம் ஒரு தடவை இங்க வருவாங்க. அவங்க வந்தா நானே நிமிர்ந்து உக்காந்துடுவேன், அப்படி ஒரு பார்வை.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு சொல்லட்டுமா? விசாரணைக்கு. மிஸ்டர் குவெக் மூணு வாரமா இங்க வரல. 'உன் பொறுப்புல விட்ட ஆளு எங்கய்யா, நீ என்ன செஞ்சு அவரை விரட்டினே'ன்னு கேக்கப் போறீங்க. கேளுங்க. ஆனா முதல்ல நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் கேளுங்க. இல்ல, இல்ல, இருங்கம்மா. நீங்க அப்புறம் பேசலாம். முப்பது வருஷம் பஸ்ஸில டிக்கெட் பரிசோதகரா இருந்தவன் நான். யாரு முதல்ல பேசணும், யாரு அப்புறம் பேசணும்னு எனக்குத் தெரியும்.

என் மக பூங்குழலி வெளிநாட்டுல, பெர்த்துல இருக்கா. போன தீபாவளிக்கு வந்தவ, திரும்பிப் போறதுக்கு முந்தின நாள் கீழே செண்டருக்குப் போய் என் பேரைக் கொடுத்துட்டு வந்துட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. 'அப்பா, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வருவாரு. சீனரு. வயசானவரு. அவரோட கொஞ்ச நேரம் பேசிட்டு இருங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. என்னைத் தொண்டூழியத்துல சேர்த்துவிட்டிருக்கா. யாரோ ஒரு சீனக் கிழவர், பேச்சுக்கு ஆள் இல்லாம தவிக்கிறாரு, அவரை நான் பார்த்துக்கணும். சரி, அப்பனால முடியும்னு நம்பித்தானே செஞ்சிருக்கா. ஒத்துக்கிட்டேன்.

எனக்கும் நேரம் கொஞ்சம் இருந்துச்சு. கனகம், என் வீட்டுக்காரி, போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுல வேலை அவ்வளவா இல்ல. முட்டி வலி வேற. கீழே போறதில்ல. போக முடியாதுன்னு இல்ல, போகவேண்டிய அவசியம் இல்ல. லிஃப்ட் இருக்கு, வேணும்னா போவேன். கிளினிக்குக்குப் போறேனே.

முதல் நாள் வந்தாரு மனுஷன். மிஸ்டர் குவெக் பூன் டெக். எதிர் அடுக்குமாடி புளோக்குலதான் வீடு. எழுபத்தொம்பது வயசுன்னாரு. முன்னே மீன் உருண்டை வியாபாரம் பண்ணினவராம். குச்சியா ஒரு உடம்பு, காது பாதிதான் கேக்கும், கையில ஒரு பிளாஸ்டிக் பை. வணக்கம் இல்ல, குட் மார்னிங் இல்ல, கதவைத் திறந்ததும் 'சுடா மாக்கான்?'னு கேட்டாரு. உங்களுக்கு மலாய் தெரியாதுல்ல? சாப்பிட்டாச்சான்னு அர்த்தம். எங்க காலத்துல சீனனும் தமிழனும் மலாய்லதான் பேசிக்குவோம். நான் அப்பவே புரிஞ்சுக்கிட்டேன், ஆளு பசியோட வந்திருக்காரு.

அதுக்கு மேல கேளுங்க. நேரா போனாரு, என் ஐஸ்பெட்டியைத் திறந்தாரு. அந்நிய வீடு, முதல் நாள்! தலையை உள்ள விட்டுப் பார்க்கிறாரு. பால் டப்பாவைத் தூக்கி தேதி பார்க்கிறாரு. மேல அலமாரியில இருக்கிற சார்டின் டின்னையும் விடல. எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பாவமா இருந்துச்சு. வீட்டுல ஒண்ணும் இல்ல போலிருக்குன்னு நினைச்சேன். அடுத்த வாரத்துலேருந்து முட்டை, பழம், காய்னு வாங்கி நிரப்பி வெச்சேன், கீழ்வீட்டு நூருல் பொண்ணுகிட்டச் சொல்லி. அதுக்கு முன்னே என் ஐஸ்பெட்டியில தண்ணி போத்தலும் ஊறுகாயும்தான் இருக்கும். அந்த மனுஷனுக்காகத்தான் நான் செலவு பண்ணினேன். நிறைஞ்ச ஐஸ்பெட்டியைப் பார்த்துட்டு 'பாகுஸ், பாகுஸ்'னு என் தோளைத் தட்டினாரு. நல்லது, நல்லதுன்னாரு. எடுத்துச் சாப்பிடச் சொன்னா மட்டும் சாப்பிடமாட்டாரு. வெக்கம்.

பழகின பிறகு 'அவரு' எல்லாம் போச்சு, அவன்தான்; குவெக் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் ஒண்ணு வெச்சிருக்கான். தன் உடம்பைப் பத்தி அவனுக்கு அவ்வளவு பயம். வாராவாரம் தூக்கிட்டு வருவான். முதல்ல என் கையில மாட்டிப் பார்ப்பான், மெஷின் ஒழுங்கா ஓடுதான்னு. ஓடுதுன்னு தெரிஞ்ச பிறகும் தன் கையில மாட்டமாட்டான், மறந்துடுவான். வயசாச்சுல்ல? என் மாத்திரைங்களை எடுத்துக் காலை, மதியம், ராத்திரின்னு சின்னச் சின்ன அறை இருக்கிற டப்பாவுல பிரிச்சுப் போடுவான். அதுல அவனுக்கு ஒரு சந்தோஷம். நான் தடுக்கல. ஆளுக்கு ஏதோ ஒரு வேலை கொடுத்து வெச்சாத்தான் மனசு தெளிவா இருக்கும்னு ரேடியோவுல டாக்டர் சொன்னாரே. இப்ப மூணு வாரமா மாத்திரையெல்லாம் ஒண்ணாக் கலந்து கிடக்கு. வெள்ளையா ரெண்டு இருக்கு, எது எப்போன்னு தெரியல. அது கிடக்குது விடுங்க.

மேடம் சியூ மாசாமாசம் வந்து எங்கிட்டத்தான் கேப்பாங்க. 'மிஸ்டர் ஏகாம்பரம், மிஸ்டர் குவெக் எப்படி? பிரச்சனை ஒண்ணும் இல்லையே?' நானும் மறைக்காம சொல்லிடுவேன். நல்லா இருக்காரு, முன்னைக்கு இப்ப கலகலப்பாப் பேசுறாரு, கால் கொஞ்சம் தடுமாறுது, பார்த்துக்கிறேன்னு சொல்வேன். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டுத் தலையாட்டுவாங்க. ஒரு தடவை, 'உங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சது மிஸ்டர் குவெக்குக்கு அதிர்ஷ்டம்'னாங்க. நான் பெருமைக்குச் சொல்லல. அவங்க சொன்னதைச் சொல்றேன்.

கோப்பி குடிக்கிறீங்களா? பால் இல்ல. கறுப்புக் கோப்பிதான். வேணாமா? சரி.

என்ன கேட்டீங்க? ஆ, இந்தச் சீனக் கிழவங்க கிழவிங்க ஏன் இத்தனை வருஷமா விடாம வர்றாங்கன்னா? பாருங்க, நல்ல ஆள்கிட்டத்தான் கேட்டிருக்கீங்க. இந்தக் கேள்வி எனக்கும் வந்துச்சு. பஸ்ஸில ஏறினவன் எவனா இருந்தாலும் டிக்கெட் இருக்கும், இல்ல டிக்கெட் இல்லாம ஏமாத்துறவனா இருப்பான். சும்மா எவனும் ஏறமாட்டான். இந்த ஆளு இருபது வருஷமா வீடு வீடா ஏறி இறங்கியிருக்கான்னு மேடம் சியூ சொன்னாங்க. எனக்கு முன்னாடி எத்தனையோ பேர் அவனைப் பார்த்துக்கிட்டிருக்காங்க போல! எதுக்கு ஏறி இறங்கணும்? என்ன கிடைக்குது? நான் கண்டுபிடிக்காம விடுறதில்லன்னு முடிவு பண்ணினேன்.

சோத்துக்குத்தான்னு முதல்ல நினைச்சேன். வரும்போதெல்லாம் பீஹூன், அதான் அரிசிச் சேமியா, பொட்டலம் ரெண்டு கொண்டு வருவான். 'வீட்டுக்காரி நிறைய சமைச்சுட்டா, எனக்குத் தனியா சாப்பிட முடியாது'ம்பான். நான் அவனுக்குத் துணைக்காகச் சாப்பிடுவேன். ஆனா பாருங்க, தன் பங்குல பாதியை என் தட்டுல தள்ளிடுவான். சோத்துக்கு வர்றவன் அப்படிச் செய்வானா? அதனால அந்தக் கணக்கு சரியா வரல.

அப்புறம் விருந்துக்குன்னு நினைச்சேன். வருஷத்துக்கு ஒரு தடவை செண்டர் தொண்டூழியர்களுக்கு ஹோட்டல்ல விருந்து வெப்பாங்களாமே? எட்டு வகைச் சாப்பாடு, குலுக்கல் பரிசு. அவன் வீட்டுல பரிசா விழுந்த குடை மட்டும் ஒரு கட்டு இருக்காம். என்னை ஒரு தடவைகூட அந்த விருந்துக்குக் கூப்பிடல உங்க செண்டர். தொண்டூழியர்கள்ல நான் மட்டும் இந்தியன்கிறதாலயான்னு மேடம் சியூகிட்டக் கேக்கணும்னு இருந்தேன். அடுத்த வருஷம் கூப்பிடுவாங்க. நீங்களும் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க.

அடுத்த பிறவிக்குப் புண்ணியம் சேர்க்கிறானோன்னு நேரடியாவே கேட்டுட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான். 'ஏகா, நான் கோயிலுக்குப் போறதே நாலு நம்பர் லாட்டரிக்கு நம்பர் கேக்கத்தான், சாமி இதுவரைக்கும் ஒரு நல்ல நம்பர் கொடுத்ததில்ல, அடுத்த பிறவிக்கு அவரை எப்படி நம்புறது?'ன்னான். ஆளு குசும்பு பிடிச்சவன். மிஸ்டர் ஏகாம்பரம்னு சொல்ல நாக்கு வராது, ஏகான்னுதான் கூப்பிடுவான். என்னை அப்படிக் கூப்பிட்டவன் இந்த உலகத்துல வேற எவனும் இல்ல.

சரி, பொண்டாட்டி தொல்லை தாங்காம தப்பிச்சு வர்றான், அதான் விஷயம்னு கடைசியா முடிவு பண்ணினேன். இது சரியாப் பொருந்துச்சு. பேச்சுக்குப் பேச்சு வீட்டுக்காரி, வீட்டுக்காரின்னு சொல்றானே? ஒரு நாள் மேடம் சியூகிட்ட விளையாட்டா, மிசஸ் குவெக் ரொம்பக் கண்டிப்பான அம்மாவோன்னு கேட்டேன். அவங்க என்னைப் பார்த்தாங்க. 'மிசஸ் குவெக் இறந்து ஒன்பது வருஷம் ஆச்சே'ன்னாங்க. பிள்ளைகுட்டியும் இல்லையாம்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! பொய்! இத்தனை மாசமா என் மூஞ்சியைப் பார்த்துப் பொய்! அடுத்த செவ்வாய்க்கிழமை வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கிறேன்னு உக்காந்திருந்தேன். வந்தான். பொட்டலத்தைப் பிரிச்சான். 'வீட்டுக்காரி இன்னிக்குக் காரம் அதிகமாப் போட்டுட்டா'ன்னான். எனக்குக் காரம் பிடிக்கும்னு அதுக்கு முந்தின வாரம் சொல்லியிருந்தேன். நான் சாப்பிட்டேன். உன் வீட்டுக்காரிக்கு நன்றின்னு சொல்லுன்னேன். சொல்றேன்னான். அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அவன் வீட்டுக்காரிக்கு நான் நன்றி சொல்லி அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தேன். என்ன பண்றது, ஒரு தொண்டூழியர்னா அந்த மனுஷனோட மனசு நோகாம நடந்துக்கணும்.

இந்தச் சின்னப் பசங்க வர்றாங்களே, அவங்களை மாதிரியா? அந்தச் சுவரைப் பாருங்க. பள்ளிக்கூடத்துலேருந்து பதினஞ்சு பேர் வந்தாங்க. இந்த அறையில பதினஞ்சு பேர்! வெள்ளை அடிக்கிறோம் அங்கிள்னாங்க. பாதிச் சுவர் அடிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க, பள்ளிக்கூடத்துல கேட்ட சேவை மணிக்கணக்கு முடிஞ்சுபோச்சு, பை அங்கிள்னு போயிட்டாங்க. மேல் பாதி அழுக்கு, கீழ் பாதி வெள்ளை, வேட்டி கட்டிவிட்ட மாதிரி நின்னுச்சு சுவர். அடுத்த வாரம் குவெக் வந்து பார்த்தான். போய்ப் பிரஷ் வாங்கிட்டு வந்து, முக்காலி போட்டு ஏறி, மீதியை அடிச்சு முடிச்சான். அந்த வயசுல! நான்தான் முக்காலியைப் பிடிச்சுக்கிட்டேன். பிடிக்கலன்னா விழுந்திருப்பான். வேலை யாரு செஞ்சதுன்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கடைசியா அவன் வந்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, ஒரு சின்னச் சண்டை. சண்டைகூட இல்ல. அவன் பீஹூனைத் தின்னுட்டு, என் முட்டியைத் தட்டிப் பார்த்துட்டு, 'ஏகா, கீழே வா, செண்டர்ல உடற்பயிற்சி நடக்குது, நாலு பேரோட பழகு, இப்படி வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா எப்படி?'ன்னான். எப்படி இருக்கும் எனக்கு? யாரு யாருக்குப் புத்தி சொல்றது? நான் நல்லாக் கேட்டுட்டேன். 'மிஸ்டர் குவெக், இங்க தொண்டூழியர் யாரு, நீயா நானா?'ன்னேன்.

அவன் என்னையே பார்த்தான். அந்தப் பாதிச் செவிடன் காதுல அந்தக் கேள்வி மட்டும் சரியா விழுந்திருக்கு. அப்புறம் மெதுவா, 'நீதான் லா, ஏகா. நீதான்'னான்.

பார்த்தீங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். நான் ஜெயிச்சுட்டேன்னு வெச்சுக்குங்க. பையைத் தூக்கிக்கிட்டு, மாத்திரை டப்பாவை மேசை மேல சரியா வெச்சுட்டுப் போனான். போனவன் போனவன்தான். அடுத்த செவ்வாய் வரல. அதுக்கடுத்ததும் வரல. நான் அவ்வளவு கடுமையாப் பேசலம்மா. நீங்களே சொல்லுங்க, அது ஒரு பேச்சா? ரோஷம் வர்ற மாதிரியா பேசினேன்? பேசிட்டனோ? உண்மையைச் சொல்லணும்னா எனக்கு மூணு வாரமாச் சோறு இறங்கல. கோபத்துல. அவன் மேல உள்ள கோபத்துல.

சமையலறை ஜன்னல்ல நின்னா எதிர் புளோக்குல அவன் வீடு தெரியும். நான் நின்னு பார்க்கிறதில்ல. தண்ணி குடிக்கப் போனாக் கண்ணுல படும். வாசல்ல மூங்கில் கழியில ஒரு நீலத் துண்டு தொங்குது. மூணு வாரமா அதே துண்டு. மழையில நனையுது, வெயில்ல காயுது, எடுக்கிற ஆள் இல்ல. அவன் அப்படி விடுற ஆளில்லம்மா. சுத்தக்காரன்.

அந்த ஒரு கேள்விக்கு மேல நீங்க ஏன் பேசவே மாட்டேங்கிறீங்க? நான் விடலையா? சரி, இப்ப பேசுங்க. சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

விழுந்துட்டானா. எங்க? குளியலறையிலயா. ஆஸ்பத்திரியில இருந்துட்டு இப்ப வீட்டுக்கு வந்தாச்சா. இடுப்பு. ஐயோ. ஆனா உயிரோட இருக்கான்தானே? இருக்கான். இருக்கான்ல? சரி. சரி. ஒரு நிமிஷம் இருங்க. தண்ணி. இல்ல, நானே எடுத்துக்கிறேன்.

அப்ப அவன் கோவிச்சுக்கிட்டுப் போகல. பாருங்க, எனக்கு அப்பவே தெரியும், அவன் அப்படிப்பட்ட ஆளில்லன்னு.

சொல்லுங்க, சொல்லுங்க. என்னது, கதவைத் திறக்கமாட்டேங்கிறானா? மேடம் சியூவே சோறு கொண்டுபோயுமா? 'நான் தொண்டூழியர், எனக்கு எதுக்கு இதெல்லாம், தேவைப்படுறவங்களுக்குக் கொடுங்க'ன்னு கேட்டுக்கு உள்ளேருந்தே அனுப்பிடுறானா? நாள் முழுக்க பிஸ்கட்டா தின்னுக்கிட்டிருக்கான்? மெலிஞ்சுபோயிட்டானா? இப்படியே யாரையும் உள்ள விடலைன்னா, முதியோர் இல்லத்துக்கு அனுப்பிடுவாங்களா?

அடப் பைத்தியக்காரா! இருபது வருஷம் ஊருக்கெல்லாம் சோறு சுமந்தவன், தனக்கு ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்தா வாங்கத் தெரியலையே! என்ன பிடிவாதம் பாருங்க. தான் இன்னும் தொண்டூழியர்னே நினைச்சுக்கிட்டிருக்கான்! எல்லாரும் அவனைப் பார்த்துக்கத்தான் வர்றாங்கங்கிறதுகூடத் தெரியாம, நான்தான் எல்லாரையும் பார்த்துக்கிறேன்னு ஒரு மனுஷன் உக்காந்திருந்தா, அவனை என்னம்மா செய்யுறது? ஊரே சிரிக்காதா? இப்படியும் ஒரு ஆளு இருப்பானா?

ஏன் என்னையே அப்படிப் பார்க்கிறீங்க? மூஞ்சியில ஏதாவது ஒட்டியிருக்கா?

சரி. மேடம் சியூ பண்ணினது தப்பு. டீச்சரா இருந்தவங்க, இந்தச் சின்ன விஷயம் தெரியலையே. பொட்டலத்தை நீட்டிக்கிட்டு, 'மிஸ்டர் குவெக், உங்களுக்கு உதவி பண்ண வந்திருக்கோம்'னு நின்னா எவன் கதவைத் திறப்பான்? நான் திறப்பேனா? மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்திட்டுப் போவேன். அந்த மாதிரி ஆளுகிட்டக் கொடுக்கப் போகக்கூடாது. கேக்கப் போகணும். எழுந்திருங்க. போவோம்.

எங்கயா? எதிர் புளோக்குக்குத்தான். நடப்பேன். அந்தக் கைத்தடியை எடுங்க, கதவுக்குப் பின்னால இருக்கு, தூசி தட்டிக் கொடுங்க. மாத்திரையெல்லாம் இந்தப் பையில போடுங்க, அப்படியே, பிரிக்காதீங்க, கலந்தே இருக்கட்டும். நீங்க கொண்டுவந்தது எங்க? பையில ஏதோ வாசனை வருதே. எனக்குக் கொண்டுவந்த பொட்டலமா? எனக்கு எதுக்கு? சரி, அதையும் எடுத்துக்குங்க.

இது எப்போ மாத்தினாங்க, இந்த லிஃப்ட்ல கண்ணாடி எல்லாம் வெச்சிருக்காங்க. யாரு இந்தக் கிழவன்? தாடி வளர்ந்துபோச்சே.

பிடிக்காதீங்கம்மா, நான் நடக்கிறேன். சரி, பிடிச்சுக்குங்க, உங்களுக்குப் பயமா இருந்தா. இங்க ஒரு மேடு இருக்கும், பார்த்து. என்ன வெயில். இந்தப் பாதைக்குக் கூரை போட்டுட்டாங்களா? நான் பார்த்ததே இல்ல. கொஞ்சம் நில்லுங்க. ஒண்ணும் இல்ல, செருப்பு வார். இன்னும் கொஞ்சம் நில்லுங்க.

இதுதான் அவன் வீடா? எட்டு மாசமா என் வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தான், நான் இப்பத்தான் இந்த வாசலை மிதிக்கிறேன். அந்தத் துண்டை எடுத்து மடிச்சு வைங்க முதல்ல. அப்புறம் நீங்க அந்தத் தூண் பக்கம் போய் நில்லுங்க. அட்டையைச் சட்டைக்குள்ள விடுங்க, அதைப் பார்த்தா உஷாராயிடுவான். பொட்டலத்தை எங்கிட்டக் கொடுங்க.

குவெக்! ஓய், குவெக்! ஏகா வந்திருக்கேன்!

சத்தம் இல்லையே. உள்ள டிவி ஓடுது. காது கேக்கலையோ. இருங்க. இந்த மலாய் வார்த்தை ஒண்ணு இருக்கு. உதவி பண்ணுன்னு கேக்கிறதுக்கு. எனக்கு வராது அது. வாயில பழக்கமில்ல. இப்ப நடிப்புத்தானே, சொல்லிடலாம்.

தோலோங்! குவெக், தோலோங் லா! மாத்திரை எல்லாம் கலந்துபோச்சு! எது எப்போன்னு தெரியல! மூணு வாரமா ஒழுங்கா முழுங்கல, தலை சுத்துது! உன் மெஷினை எடு! எனக்கு வேற யாரும் இல்லடா!

கண்ணுல என்னமோ விழுந்துடுச்சு. புளோக்குல எங்கயோ சுண்ணாம்பு அடிக்கிறாங்க போல. நடிப்புன்னா கொஞ்சம் சரியா நடிக்கணும்லம்மா, அதான்.

கேக்குதா? டிவியை அமத்திட்டான். வர்றான். பிடிச்சுக்கிட்டு நடக்கிற இரும்புச் சட்டம் தரையில இழுபடுற சத்தம். மெதுவா வா, மெதுவா வா, அவசரம் இல்ல. பூட்டு. ரெண்டாவது பூட்டு. எத்தனை பூட்டு போட்டு வெச்சிருக்கான் பாருங்க, உள்ள தங்கமா இருக்கு?

ஆ. குவெக்.

அவன் என்ன சொல்றான்னு உங்களுக்குப் புரியாது. திட்டுறான். இந்தக் காலை வெச்சுக்கிட்டு யாரு உன்னை வெயில்ல நடக்கச் சொன்னதுன்னு திட்டுறான். தொப்பி எங்கங்கிறான். பையைக் கொடு, மாத்திரையைக் காட்டுங்கிறான். பாருங்க, நிக்க முடியல, அதுலயும் அதிகாரத்தைப் பாருங்க. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே. சரி, சரி, உக்காந்து பார்ப்போம் குவெக். என்னால தனியா சாப்பிட முடியல, அதையும் கொண்டுவந்துட்டேன். எங்க வீட்டுல நிறைய சமைச்சுட்டாங்க.

நம்பிட்டான்மா. அப்படியே நம்பிட்டான். நான் உதவி கேட்டு வந்திருக்கேன்னே நினைச்சுட்டான், பாவம்.

நீங்க போங்க. மேடம் சியூகிட்ட, ஏகாம்பரம் பார்த்துக்குவான்னு சொல்லுங்க. எனக்கும் யாரையும் அனுப்பவேண்டாம்னு சொல்லுங்க, வந்தாலும் பூட்டின கதவைத்தான் பார்ப்பாங்க. செவ்வாய்க்கிழமையில நான் வீட்டுல இருக்கமாட்டேன்.